அடுத்தவங்க டிராயிங்குக்கு நம்ம கலர்

பெங்களூர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இருந்து வர்ற பிளானை ஆட்டோகேட்ல, அதான் கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற சாஃப்ட்வேர்ல, திறந்தா மாரியம்மன் பண்டிகைக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்கும், சுவர் மஞ்சள், கதவு பச்சை, ஃபர்னிச்சர் மெஜந்தா. ஓசூர் சிப்காட் ஷெட்டோ கிருஷ்ணகிரி பக்கம் கல்யாண மண்டபமோ, ஸ்ட்ரக்சுரல் பாக்குற நமக்கு அந்த பிளான் எக்ஸ்ரெஃப்பா, அதாவது அவங்க ஃபைலை நம்ம டிராயிங்குல லிங்க் பண்ணி வச்சதா, அடியில சாம்பலா மங்கி கிடந்தா போதும், நம்ம தூணும் பீமும்தான் பளிச்னு தெரியணும்.

இதுக்கு பசங்க என்ன பண்றாங்கன்னா, வந்த ஃபைலையே திறந்து மொத்தமா செலக்ட் பண்ணி 8ஆம் நம்பர் சாம்பல் கலரைக் குடுத்து சேவ் பண்ணிடறாங்க. அடுத்த ரிவிஷன் வந்தா மறுபடியும் அதே வேலை. எனக்கு இது சுத்தமா பிடிக்காது, அடுத்தவங்க ஃபைல்ல நாம ஏன் கை வைக்கணும்?

சுவர், கதவுன்னு தனித்தனி அடுக்கா பிரிச்சு வரையறதுதான் லேயர். நம்ம டிராயிங்ல லேயர் லிஸ்ட்டைத் திறந்தா எக்ஸ்ரெஃப் லேயருங்க ஃபைல் பேரு, நடுவுல ஒரு நேர்கோடு, அப்புறம் லேயர் பேருன்னு வரிசையா நிக்கும், அங்கயே கலரை மாத்திக்கலாம், அவங்க ஒரிஜினலுக்கு ஒண்ணும் ஆகாது. விஸ்ரீட்டெய்ன்ங்கற செட்டிங் 1ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, 0ல இருந்தா ரீலோட் பண்ணதும் பழைய மஞ்சளும் பச்சையும் திரும்ப வந்துடும். ரிவிஷன் ஃபைலை ஆர்1, ஆர்2ன்னு புதுப் பேர்ல புதுசா அட்டாச் பண்ணாலும் லேயர் பேரோட முன்பாதியே மாறிடும், மாத்துன கலர் எதுவும் அதுக்கு ஒட்டாது. பழசைத் தனி ஃபோல்டர்ல போட்டுட்டு புதுசை எப்பவும் ஒரே பேர்ல வைங்க.

"அண்ணா, லேயர் கலர் மாத்திட்டேன், ஆனா இந்த ஜன்னல் மட்டும் சிவப்பாவே நிக்குது"ன்னு பசங்க கூப்பிடுவாங்க. கலரை லேயருக்குக் குடுக்காம ஆப்ஜெக்ட்டுக்கே நேரா குடுத்து வரைஞ்சிருப்பாங்க, அப்போ லேயர் சொல்றதை அது கேக்காது, பைலேயர்ல, அதாவது லேயர் கலரையே எடுத்துக்கற மாதிரி, இருந்தாத்தான் கேக்கும். எக்ஸ்லிஸ்ட் கமாண்ட் போட்டு அந்தக் கோட்டைத் தொட்டா லேயரும் கலரும் காட்டிடும். அனுப்புனவங்க நம்ம பேச்சைக் கேக்குறவங்கன்னா எல்லாத்தையும் பைலேயர் ஆக்குற செட்பைலேயர் கமாண்ட் போட்டு அனுப்பச் சொல்லுங்க, பிளாக்கையும் (பல கோட்டை ஒரே பொருளா கட்டி வச்சது) சேக்கணுமான்னு அது கேக்கும்போது எஸ் குடுக்கணும், ஜன்னலெல்லாம் பிளாக்ல தான இருக்கும். கேக்காதவங்கன்னா, புது வெர்ஷன்ல எக்ஸ்ரெஃப்ஓவர்ரைடுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை 1 ஆக்கிட்டா எக்ஸ்ரெஃப் லேயர்ல இருக்கறதையெல்லாம் பைலேயர் மாதிரியே எடுத்துக்கும். இது தெரியாம எத்தனை ஆபீஸ்ல ராத்திரி உக்காந்து கலர் மாத்துறாங்களோ!

0ங்கற பேர்ல இருக்கற லேயர்ல பைலேயரா வரைஞ்சது மட்டும் வேற கதை, எக்ஸ்ரெஃப்பை எந்த லேயர்ல வச்சிருக்கமோ அந்தக் கலரை எடுத்துக்கும். அதனால எக்ஸ்ரெஃப்புக்குன்னே ஒரு லேயர் போட்டு 8 குடுத்துடுங்க.

ஸ்கிரீன்ல மங்கலா தெரியுதுன்னு நம்பி பிளாட் போட, அதான் பேப்பர்ல பிரிண்ட் எடுக்க, போயிடாதீங்க. எக்ஸ்டிடபிள்யூஜி ஃபேட் கன்ட்ரோல்ங்கற செட்டிங் ஸ்கிரீனை மட்டும்தான் மங்கலாக்கும், பேப்பர்ல முழு கருப்பா வரும், எந்த கலர் நம்பர் பேப்பர்ல எப்படி வரணும்னு சொல்ற சிடிபி ஃபைல்ல, மோனோக்ரோம்ங்கறதுல 8ஆம் நம்பரும் கருப்புதான். அந்த சிடிபியைக் காப்பி எடுத்து 8க்கு ஸ்கிரீனிங்கை (மை அடர்த்தி) 50 ஆக்கி வச்சுக்கோங்க. நம்பர் கலர் இல்லாம ட்ரூ கலர்ல (ஆர்ஜிபி) வரைஞ்சது மட்டும் சிடிபிக்கு அடங்காது, மோனோக்ரோம்லயும் கலராவே வரும். ரவுண்டானா பக்கம் பிளாட் கடைக்காரர் ஏ1 ஷீட்டுக்கு கலர் ரேட் போட்டா அவரோட சண்டை போட்டு பிரயோஜனமில்ல.

பிளம்பிங் ஷீட்ல மட்டும் சுவர் வேற கலர்ல வேணும்னா லேயர் லிஸ்ட்ல விபி கலர்ங்கற பத்தியில மாத்துங்க, அந்த வியூபோர்ட்ல (ஷீட்ல டிராயிங் தெரியற ஜன்னல்) மட்டும் மாறும்.

கடைசியா எக்ஸ்ரெஃப்பையும் உள்ள சேத்து ஒரே ஃபைலா குடுக்கச் சொன்னா, சேக்கறதுக்கு இருக்கற ரெண்டு வழியில இன்சர்ட் வேணாம், பைண்ட் போடுங்க. இன்சர்ட்ல அவங்க லேயரும் நம்ம லேயரும் ஒரே பேரா இருந்தா ஒண்ணா கலந்து நம்ம கலருக்கு மாறிடும், அப்புறம் எது அவங்க சுவர் எது நம்ம சுவர்னு பிரிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்.