ஏழாவது வளைவில் நின்ற பாட்டு

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. என் காரில் பாட்டு ஏழாவதில் நின்றது. வளைவைத் தாண்டி வண்டி நேரானதும் தானாகவே திரும்பி வந்தது. ஒன்பதாவதில் மறுபடி போயிற்று. பின்சீட்டில் இருந்த மச்சினன், “மாமா, மலை ஏறினால் எனக்குத்தான் வாந்தி வரும். உங்கள் செட்டுக்குமா?” என்றான். என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறு முழுவதும் சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில் காரைப் பிரித்துப் போட்டு, நானே வயரிங் செய்திருந்தேன்.

பழைய ஸ்விஃப்ட். டிக்கியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர், சேனலுக்கு 75 வாட். இரண்டு சேனல் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு. மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, அடிநாதத்துக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றுக்கு. வேலையைத் தொடங்கும் முன் கணக்கெல்லாம் ஒழுங்காகப் போட்டேன். மொத்தம் 300 வாட் வெளியே வர வேண்டுமானால், இந்த வகை ஆம்ப் வெப்பமாக வீணடிப்பதையும் சேர்த்து ஏறக்குறைய 500 வாட் உள்ளே போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்தால் 36 ஆம்பியர். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய வயரின் நுனியை பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக மின்னியது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அதே தடிமனுள்ள சுத்தச் செம்பைவிட அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். வேண்டாமென்று சொல்லி 4 கேஜ் செம்பு வயரையே வாங்கினேன். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். அந்த ஃபியூஸ் ஆம்புக்காக அல்ல. வழியில் எங்காவது வயர் உரசி பாடியைத் தொட்டால் கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக.

சிவப்பு வயருக்குக் காட்டிய இந்த அக்கறையில் கால்வாசியைக்கூடக் கறுப்பு வயருக்கு, அதாவது ஆம்பிலிருந்து மின்சாரம் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்துக்கு, நான் காட்டவில்லை. பின்சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதை இளக்கி, எர்த் வயரின் நுனி வளையத்தை நுழைத்து, மீண்டும் முறுக்கிவிட்டேன். செய்யவே கூடாத வேலை. அந்த போல்ட் உயிர் காக்க இருப்பது. அதோடு அதைச் சுற்றிலும் பெயின்ட், மரையில் பசை. உலோகத்தோடு உலோகம் சரியாகத் தொடவே இல்லை.

ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தி டிக்கியைத் திறந்தபோது ஆம்பின் விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. வயரை லேசாக அசைத்தேன், சிவப்புக்கு மாறியது. ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்கிறது என்று பொருள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய, பாடி இம்மியளவு முறுக, அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த எர்த் விட்டுப்போயிருக்கிறது. இறங்கும்போது பாட்டைக் குறைத்தே வைத்துக்கொண்டு வந்தோம். அப்போதுதான் மனைவி கேட்டாள், “இது என்ன சத்தம்?” பல் வைத்தியர் துளையிடும் கருவியைப் போல மெல்லிய கீச்சொலி. இரண்டாவது கியரில் இன்ஜின் உறுமினால் அதுவும் ஏறியது. கிளட்ச்சை அழுத்தினால் இறங்கியது.

எர்த்தைச் சரிசெய்வது பெரிய வேலையாக இல்லை. முதலில் அளந்து பார்த்தேன். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து டிக்கி வரை ஒரு நீள வயரை இழுத்து, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை அதிலும் மற்றதை ஆம்பின் எர்த் முனையிலும் வைத்து, சப்வூஃபர் அதிரும் பாட்டாகப் பார்த்து ஓடவிட்டேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 1.6 வோல்ட். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் ஓரத்தில், அடியில் பெட்ரோல் குழாய் எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்த பிறகு, துளை போட்டேன். உப்புத்தாளால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, துரு ஏறாமல் இருக்க மேலே பெயின்ட் பூசினேன். வயர் ஒன்றரை அடிகூட இல்லை. மறுபடி அளந்தால் 0.05. கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை இருக்கும் எல்லா வேகத்தடைகளிலும் ஏற்றி இறக்கினேன். பாட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை.

கீச்சொலி மட்டும் அப்படியே இருந்தது.

மூன்று வாரம் அதோடு போராடினேன். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேராக்கினாலும் ஒரு சிற்றலை மிஞ்சும், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப அதன் சுருதி கூடும். அது எப்படியோ பாட்டுக்குள் நுழைகிறது என்பது வரை எனக்குத் தெரிந்திருந்தது. எங்கே நுழைகிறது என்பதுதான் தெரியவில்லை. செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் பவர் வயரை ஒட்டி ஓடுகிறதோ என்று தரை விரிப்பையெல்லாம் எடுத்து அதை மறுபக்கம் மாற்றினேன். பயனில்லை. ஒருவர் பெரிய கெபாசிட்டர் போடச் சொன்னார். கடைக்காரர் இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அதைக் கேபிளின் நடுவே செருகியதும் கீச்சொலி போனது, கூடவே சப்வூஃபரின் அடிநாதமும் போனது. இந்த மலிவுப் பெட்டிகளுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தாங்க முடியாது. தலைவலிக்குத் தலையைத் துணியால் இறுகக் கட்டுகிற வைத்தியம் அது.

பிறகுதான் புத்தி வந்து, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. இன்ஜின் ஓட, ஆம்பிலிருந்து ஆர்சிஏவை உருவினேன்: நிசப்தம். ஆக ஆம்பும் அதன் எர்த்தும் குற்றமற்றவை. அடுத்து செட்டின் பக்கம் உருவி, அதே கேபிளை என் கைபேசியோடு இணைத்தேன், சார்ஜர் போடாமல். பாட்டு சுத்தமாக வந்தது. ஆக கேபிளும் குற்றமற்றது. மிஞ்சியது டாஷ்போர்டில் இருக்கும் செட்தான். அதை வெளியே இழுத்து, ஆர்சிஏ முனையின் வெளிவளையத்துக்கும் செட்டின் இரும்பு உடலுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். நேரடித் தொடர்பு இருந்து பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் பல நூறு ஓம். மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை அந்த வளையத்தில் சுற்றி, மறுமுனையை உடலில் தொட்டேன். கத்தரித்தாற்போல் கீச்சொலி நின்றது. அந்த நிமிடம் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டபடி நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

செட்டை ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். நான் கதை சொல்லத் தொடங்கியதுமே, “எர்த் விட்டுப்போனபோது ஆர்சிஏ மாட்டித்தானே இருந்தது தம்பி?” என்று கேட்டுவிட்டு மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். பூதக்கண்ணாடி வழியாகக் காட்டினார்: ஆர்சிஏ எர்த்துக்கும் செட் உடலுக்கும் நடுவே அரிசிப் பொரியளவுகூட இல்லாத ஃபியூஸ் ஒன்று, கருகி இருந்தது. வளைவில் ஆம்பின் எர்த் விட்டுப்போன கணத்தில், ஆம்ப் இழுத்த மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடியிருக்கிறது. அகப்பட்டது ஆர்சிஏவின் வெளிப்பின்னல். பாட்டின் சன்னமான சிக்னலுக்காகப் போட்ட ஒற்றையடிப் பாதையில் லாரி புகுந்தது போல. அந்த ஃபியூஸ் எரிந்த பிறகு சிக்னலுக்கு உறுதியான எர்த் இல்லை. ஆல்டர்னேட்டர் சிற்றலை உள்ளே ஏறிக்கொண்டது. முதல் கோளாறு இரண்டாவதைப் பெற்றுப் போட்டுவிட்டது. தாயை மட்டும் சரிசெய்துவிட்டு, பிள்ளை ஏன் அழுகிறது என்று மூன்று வாரம் தேடியிருக்கிறேன்.

புதிய ஃபியூஸைப் பற்றவைத்துக் கொடுத்த அவர் வரிசையையும் சொன்னார்: மாட்டும்போது ஆர்சிஏ கடைசியில், கழற்றும்போது அதுதான் முதலில், பேட்டரி முனையைக் கழற்றாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. என் வேலைமுறை இதற்கு நேர் தலைகீழாக இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

திரும்ப மாட்டும்போது, உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் திருகையும் ஒழுங்காக வைத்தேன். அதை வால்யூம் என்று நினைத்து முக்கால்வாசி திருகி வைத்திருந்ததால்தான் அந்தக் கீச்சொலியும் அவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்கிறது. 75 வாட், 4 ஓம் என்றால் முன்சேனல் முனையில் 17.3 வோல்ட். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஒரே சீரான சோதனை ஒலியை ஓடவிட்டு, மீட்டரை மாறுமின்சார வரிசையில் வைத்து அந்த அளவு வந்ததும் நிறுத்தினேன். கெயின் கால்வாசியைக்கூடத் தொடவில்லை.

போன ஞாயிறு மறுபடி ஏற்காடு. 20 வளைவுகளும் கடந்தன. ஒவ்வொன்றிலும் மச்சினன் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏழில் மட்டும் இரண்டு முறை சொன்னான். இறங்கும்போது மனைவி பாட்டை நிறுத்தச் சொன்னாள். செட்டை அணைக்காமல் ஒலியை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, இரண்டாவது கியரில் மூன்று பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தோம். இன்ஜின் சத்தமும் டயர் சத்தமும்தான் இருந்தன. அடிவாரம் வந்து மறுபடி ஒலியைக் கூட்டியபோது பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று அதிர்ந்தது. ரப்பர் வாஷர் இரண்டு வாங்க வேண்டும்.