அழிக்கப்பட்ட விடைகள்

இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில், பல ஆண்டுகளாகத் தரம் 10, 11 மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்குப் போவது கடினம் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பதால், கொப்பியைத் திறக்குமுன்பே பிள்ளையின் மனதில் பயம் வந்து குந்திவிடுகிறது.

நான் பணியில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த பிள்ளைகள், 2009இல் போரின் இறுதி மாதங்களில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டு மீளக் குடியேறியவர்கள். பின்னமும், நேர், மறைக் குறியுள்ள திசைகொண்ட எண்களும் கற்க வேண்டிய வயதில் அவர்கள் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். அதை அறிந்திருந்தும், தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் குறைந்ததிலிருந்து தொடங்கி வகுப்பில் உரக்க வாசித்து வந்தேன். வெட்கம் வந்தால் படிப்பார்கள் என்று நம்பினேன். வெட்கம் வந்தது, அதன் பின்னர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தவறை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாணவியின் பயிற்சிக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓரிடத்தில் கிழிந்தே போயிருந்தது. கணக்கு (−3) − (−5). பென்சிலால் −8 என்று எழுதியிருந்தாள். பிழை என்று குறியிடப் போனவன், தாளைச் சற்றுச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது, அந்த −8இன் அடியில் 2 என்ற தடம் மங்கலாகத் தெரிந்தது. பக்கங்களைப் புரட்டினேன். இன்னும் நான்கு இடங்களில் சரியான விடையை எழுதி, அழித்து, பிழையானதை எழுதியிருந்தாள். ஏன் அழித்தாய் என்று கேட்டதற்கு, நிலத்தைப் பார்த்தபடி, “எனக்கு வாறது சரியா இருக்காது சேர்” என்றாள். அறியாமையை எப்படித் திருத்துவது என்று எனக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். தான் அறிந்ததையே நம்பாத பிள்ளையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கணிதப் பதற்றம் வேலை நினைவின், அதாவது ஒன்றைச் செய்யும்போது தேவையானதைச் சற்று நேரம் மனதில் வைத்திருக்கும் திறனின், ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பதை ஆஷ்கிராஃப்ட், கேர்க் ஆகிய உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இடையில் ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு செய்யவேண்டிய கணக்குகளிலேயே அந்த இழப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதை வாசித்தபோது எனக்கு இன்னொரு மாணவன் நினைவுக்கு வந்தான். காலபோக அறுவடை முடிந்த வாரத்தில், ஏக்கருக்கு 28 மூடைப்படி இரண்டரை ஏக்கருக்கு 70 மூடை, அதில் ஐந்தில் ஒன்று காணிக்காரருக்குப் போக 56 மிஞ்சும் என்று என்னிடம் வாயாலேயே சொன்னவன், அடுத்த நாள் 2½ × 28 என்ற வினாவை வெறுமையாக விட்டிருந்தான். வயலில் அவனை யாரும் சோதிக்கவில்லை. வகுப்பில் ஒவ்வொரு கோடும் சோதனையாக இருந்தது.

அதன் பிறகு கணித பாடத்தில் அழிறப்பரை எடுக்கவே வேண்டாம் என்றேன். பிழை என்று தோன்றினால் ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்தில் எழுத வேண்டும். கொப்பிகள் அலங்கோலமாயின, பெற்றோர் சிலர் குறைப்பட்டார்கள். ஆனால் பிள்ளை எங்கே தயங்கியது, எந்த வரியில் மனம் மாறியது என்பதெல்லாம் எனக்குத் தெரியத் தொடங்கியது. வெட்டப்பட்ட விடை சரியானதாக இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் இட்டேன். புள்ளிகளை உரக்க வாசிப்பதையும் நிறுத்தினேன்.

“கெட்டிக்காரி, உன்னால் முடியும்” என்று சொல்வதால் மட்டும், விடைகளை அழித்த அந்த மாணவி மாறவில்லை. அப்படிச் சொன்ன நாட்களில் இன்னும் ஒடுங்கிப் போனாள். தன் கையெழுத்தில் இருந்த சரியான விடைகளைத் தானே எண்ணிப் பார்த்தபோதுதான் முகத்தில் சிறிது தெளிவு தெரிந்தது.

அந்த ஆண்டின் கடைசித் தவணைப் பரீட்சையில், முதலாம் வினாத்தாளின் 25 சிறு வினாக்களில் ஒன்றையும் அவள் வெறுமையாக விடவில்லை. ஒன்பது பிழை. மறுநாள் இருவருமாக இருந்து அவற்றைப் பார்த்தோம். ஆறு இடங்களில் பிழை ஒன்றேதான்: அடைப்பை நீக்கும்போது குறியை மாற்றாமல் விட்டிருந்தாள். அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஆறாவதுக்கு வந்தபோது நான் வாய் திறக்குமுன்பே பேனையால் கோடிட்டாள்.