மூன்றாம் நாள் இரவும் காபா ஏற்பியும்

சென்ற ஆண்டு என் பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் சேர்த்த மூன்றாம் நாள் இரவு, போர்வை முழுவதும் எறும்பு ஊர்வதாகச் சொல்லி அவர் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார். கை விரல்கள் நடுங்கின, உடல் வியர்வையில் நனைந்திருந்தது, என்னைத் தம் தம்பி என்று நினைத்துப் பேசினார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போலும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஐயா தினமும் குடிப்பாரா?" பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மாலைதோறும் ஒரு குவார்ட்டர். சேர்க்கைப் படிவத்தில் நாங்கள் 'இல்லை' என்று எழுதியிருந்தோம்.

சற்று நேரத்தில் வந்த மருத்துவர் லோராசெபாம் ஊசியும் தையமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் போடச் சொன்னார். குடியை நிறுத்தியதால் வந்த கோளாறுக்கு எதற்காகத் தூக்க மருந்து வகையைச் சேர்ந்த ஒன்றைத் தருகிறார்கள் என்ற கேள்வி அன்று எனக்குள் விழுந்தது. அதைப் பின்தொடர்ந்து நான் படித்தறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருள்களுள் முதன்மையானது குளுட்டமேட். அடக்கும் வேதிப்பொருள்களுள் முதன்மையானது காபா. 1950இல்தான் காபா மூளையில் இருப்பது தெரியவந்தது. நரம்பணுவின் மேற்பரப்பில் அது வந்து பொருந்தும் இடமான காபா-ஏ ஏற்பி, ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவே ஒரு துளையை விட்டிருக்கும் அமைப்பு. பெரும்பாலும் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா, ஒரு காமா. இதை ஏரி மதகாக எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்குகிறது. ஆல்பாவும் பீட்டாவும் சேரும் இரண்டு மூட்டுகளில் காபா பொருந்தியதும் மதகு திறந்து, எதிர்மின் குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் பாய்கின்றன. அந்த நரம்பணு அடுத்த சமிக்ஞையை அனுப்புவது கடினமாகிறது. காக்கைக்கொல்லி விதையைக் குளத்தில் கலக்கி மீன் பிடிக்கும் பழைய வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்விதையிலுள்ள பிக்ரோடாக்சின் இந்த மதகின் துளையையே அடைத்துவிடும் நஞ்சு, அதனால்தான் அது வலிப்பை உண்டாக்குகிறது. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இதே வேலையைச் செய்யும் கிளைசின் ஏற்பியை முடக்குவது எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னின்.

மருந்துகள் இந்த மதகைக் கையாளும் விதம் ஒன்றுபோல் இருப்பதில்லை. டயசெபாம், லோராசெபாம் போன்ற பென்சோடயசெபின்கள் ஆல்பாவுக்கும் காமாவுக்கும் இடையிலுள்ள தனி மூட்டில் அமர்ந்து, காபா வரும்போது மதகு அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. காபா வராவிட்டால் அவற்றால் ஒன்றும் ஆகாது. தனியாக உட்கொண்டால் அவை உயிரைப் பறிப்பது அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவற்றுக்கு முந்தைய தலைமுறையான பார்பிட்யூரேட்டுகள் மதகை நெடுநேரம் திறந்தபடி வைக்கின்றன. அளவு மிகுந்தால் காபாவே இல்லாமல் தாமாகவே திறந்துவிடுகின்றன. 1962இல் இறந்த ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் உடலில் பென்டோபார்பிட்டால் என்ற பார்பிட்யூரேட்டும் குளோரால் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்தும் காணப்பட்டன; இரண்டும் இதே மதகில் வந்து சேரும் மருந்துகள் என்பதை அறிந்தபின் அந்தப் பழைய செய்தி எனக்கு வேறுவிதமாகப் பொருள்பட்டது. (பெயரை வைத்து ஏமாந்துவிடக் கூடாது: நரம்பு வலிக்குத் தரப்படும் கேபாபென்டின், காபாவின் வடிவை ஒட்டி உருவாக்கப்பட்டாலும், காபா ஏற்பியைத் தொடுவதே இல்லை; அது கால்சியம் வாயிலில் வேலை செய்கிறது.)

மதுவோ இவற்றைப் போல் நுணுக்கமான பொருள் அன்று. வெறும் இரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறு அது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்கான சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம். மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகில் கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 6.5 மில்லிமோல். டயசெபாம் இதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குச் செறிவிலேயே தன் வேலையை முடித்துவிடும். அத்தனை வெள்ளமாக வருவதால்தான் மது ஓரிடத்தில் நில்லாமல் பல இடங்களில் கைவைக்கிறது: காபா-ஏ, கிளைசின் ஏற்பிகளின் வேலையைக் கூட்டுகிறது, சில இடங்களில் காபா சுரப்பதையே மிகுவிக்கிறது, மறுபுறம் குளுட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடக்குகிறது. நரம்பணுவின் சவ்வுக்குள் பதிந்திருக்கும் ஏற்பிப் பகுதியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினாலே மதுவின் கூட்டும் விளைவு மறைந்துவிடுவதை 1997இல் காட்டினார்கள். ஆனால் ஓரிரு கோப்பையளவு மதுவுக்கு எந்த வகைக் காபா ஏற்பி முதலில் இணங்குகிறது என்பதில் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளையே தந்திருக்கின்றன. பென்சோடயசெபினை அதன் மூட்டிலிருந்து விலக்க ஃப்ளுமசெனில் என்ற மாற்று மருந்து இருக்கையில், மதுவுக்கு அப்படியொன்று மருத்துவமனைகளில் இல்லாததற்கும் இந்தப் பரவலான செயல்பாடே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பாவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். நாள்தோறும் மது வந்து மதகைத் தூக்கிக்கொண்டிருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது: காபா-ஏ ஏற்பிகள் சிலவற்றை நரம்பணுவுக்குள் இழுத்துக்கொள்கிறது, எஞ்சியவற்றின் உறுப்புத் துண்டுகளை மாற்றியமைக்கிறது, என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைப் பெருக்குகிறது. மது இருக்கும்வரை இரண்டும் சமன்பட்டு நிற்கும். திடீரென்று மது நின்றால், அடக்குவதற்கு ஆள் குறைந்து, தூண்டுவதற்கு ஆள் மிகுந்த மூளை மிஞ்சுகிறது. கை நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாள்களுக்குள் வரும். எறும்பும் பூச்சியும் தெரிகிற அந்தப் பிதற்றல் நிலை இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள். படிவத்தில் நாங்கள் மறைத்ததை நாள் கணக்கு தவறாமல் மூன்றாம் நாள் இரவே வெளிப்படுத்திவிட்டது.

லோராசெபாம் ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மது விட்டுப்போன மதகை வேறொரு கை பிடித்துக்கொள்கிறது. பின்னர் அந்தக் கை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தளர்த்தப்படுகிறது, அதற்குள் மூளை தன் ஏற்பிகளைப் பழையபடி ஒழுங்கு செய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. வழக்கமாக நெடுநேரம் உடலில் தங்கும் குளோர்டயசெபாக்சைடு என்ற பென்சோடயசெபினைத் தருவார்கள். கல்லீரல் பழுதுபட்டவர்களுக்கு அது உடலில் தேங்கிவிடக்கூடும் என்பதால், பெரியப்பாவுக்கு லோராசெபாம். 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்கலாம் என்று கேரள அரசு ஆணையிட்டதும், ஏப்ரல் 2 அன்று உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் நினைவிருக்கலாம். அந்த ஆணையைப் பலர் கேலி செய்தார்கள். ஏற்பியின் கணக்கில் அது முழு அபத்தம் அன்று. ஆனால் விரைவில் வடிந்துவிடும், அளந்து குறைக்கக் கடினமான ஒன்றை மருந்தாகத் தருவது மோசமான வழி என்ற மருத்துவர்களின் எதிர்ப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆறாம் நாள் காலை பெரியப்பா என்னைப் பெயர் சொல்லி அழைத்துக் கண்ணாடியைக் கேட்டார். வீடு திரும்பும்போது குறைத்துக்கொண்டே வரவேண்டிய மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினார்கள். அட்டவணை முடிந்தபோது பட்டையில் நான்கு மிஞ்சியிருந்தன. தூக்கம் வராத இரவுக்கு ஆகும் என்று பெரியம்மா அவற்றை அலமாரியில் எடுத்து வைத்திருந்தார். என்றாவது ஒரு மாலை பெரியப்பா மீண்டும் குடித்துவிட்டு வந்து, தூக்கத்துக்காக அதில் இரண்டைப் போட்டுக்கொண்டால், மூச்சை நடத்தும் நரம்பணுக்களின் மதகை ஒரே நேரத்தில் இரண்டு கைகள் தூக்கி, மூச்சே அடங்கிவிடலாம் என்று பெரியம்மாவிடம் விளக்கிவிட்டு, அந்தப் பட்டையை வாங்கிக்கொண்டு போய் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.