மவுஸ் தானாக நகர்ந்த நாள்

2015 டிசம்பர் 23. மேற்கு உக்ரைனில் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் வட்டாரத்து மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறை. ஊழியரின் கண்ணெதிரே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து ஒவ்வொரு பிரேக்கராக (மின்பாதையைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) அணைத்துக்கொண்டே போகிறது, அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் கேட்கவில்லை, அப்புறம் அவரையே வெளியே தள்ளிப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். அன்று தாக்கப்பட்ட மூன்று மின் விநியோக நிறுவனங்களிலும் சேர்த்து சுமார் 2,25,000 இணைப்புகள் இருட்டில். கணினி வழியாகப் புகுந்த திருடன் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறான். மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பை யாரோ திறந்து அதற்குள் இருந்த மேக்ரோ என்ற குட்டி நிரலை ஓடவிட்டதுதான் அவனுக்குக் கதவு.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். 6 மணி நேரத்துக்குள் கரண்ட் திரும்பியது. எப்படி? ஆட்கள் வண்டியெடுத்துப் போய் சப் ஸ்டேஷன்களில் பிரேக்கரைக் கையால் போட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, சோற்றுக்கு வருவோம், அதுவும் கரண்டை நம்பித்தான் இருக்கிறது. கறந்த பாலைச் சில மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அரிசி மில்லில் ஊறப்போட்ட நெல் அளவுக்கு மேல் கிடந்தால் வாடை அடிக்கும். போர்வெல் தண்ணீரை நம்பி நட்ட வயலோ மோட்டார் நின்றால் வெடித்துவிடும். இங்கெல்லாம் கையால் போட எந்த பிரேக்கர் இருக்கிறது?

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டதே, அது யாரும் தாக்கி நடந்ததல்ல. மழை பொய்த்த வருடம், பஞ்சாப், ஹரியானாவில் நெல்லுக்கு மோட்டார்கள் இடைவிடாமல் ஓடியதும் அந்தச் சுமையில் சேர்த்திதான். இரண்டாம் நாள் 60 கோடிப் பேர் வாழும் பகுதியில் மின்சாரம் இல்லை. கெட்ட எண்ணமுள்ளவன் பெரிதாக எதையும் உடைக்க வேண்டாம், பயிர் தண்ணீர் கேட்கும் வாரத்தைப் பார்த்துக் கை வைத்தால் போதும். அப்புறம் அரிசி விலை ஏறும், ரேஷன் கடை வாசலில் கூட்டம் கூடும், அரசாங்கம் ஆட்டம் காணும். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்து நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். நல்லது.

எங்கள் மாமா வயலில் முன்பு ஆயில் இன்ஜின் ஒன்று இருந்தது. இலவச மின்சாரம் வந்து சில வருடங்கள் சும்மா கிடந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். "மாமா, நாலு நாள் கரண்ட் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று போன வாரம் கேட்டேன். "ஏன், எங்கேயாவது வேலை நடக்குதா?" என்றார். இன்ஜின் இருந்த சிமென்ட் மேடையில் இப்போது ஆடு கட்டியிருக்கிறது.