வரிசையின் கடைசி ஆள்

குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது, "இந்தக் குளிரிலா?" என்பதுதான். தனியாகப் போகிறவரைப் பார்த்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். குழுவாகப் போவது வேறு காரியம். கோடையில் எங்கள் குழுவில் முப்பது பேர் வரை கூடுவோம். யார் ஏற்றத்தில் முந்தினார்கள், சராசரி வேகம் எவ்வளவு என்பதே அப்போது பேச்சு. குளிர் இறங்கியதும் பத்துப் பன்னிரண்டு பேராகச் சுருங்கிவிடுவோம், அந்தப் பேச்சும் அடங்கிவிடும். பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவரை மனத்தில் வைத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டின் மற்ற எல்லாச் சவாரிகளையும் விட எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

நான் வரிசையின் கடைசி ஆள். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இந்த இடத்தை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்னால் போகிறவருக்கு இருட்டும் சாலையும்தான் தெரியும். கடைசியில் இருப்பவனுக்கு மொத்தக் குழுவும் தெரியும். யார் இன்று சோர்ந்திருக்கிறார், யார் பக்கத்தில் இருப்பவரை விட அரைச்சக்கரம் முன்னால் நீட்டி நீட்டி வேகத்தைக் கூட்டுகிறார், யாருடைய பின்சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். எங்கள் சைக்கிள்களில் பின்விளக்கு சீராக எரிய வேண்டும், மினுக்கக் கூடாது. ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணுக்கு நேராக மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் ஓட்டினால் தூரத்தை மதிப்பிடும் திறனே குழம்பிவிடும். மினுக்கும் விளக்கு என் சைக்கிளில் மட்டும். அதை வாகன ஓட்டிகள்தான் பார்க்க வேண்டும்.

குழுவாகப் போவதில் இருக்கும் லாபம் முழுவதும் காற்றில் இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால், மிதிக்கும் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே போய்விடும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் நெருங்கி ஒட்டிக்கொண்டால் அந்த உழைப்பில் கால்பங்குக்கு மேல்கூட மிச்சமாகும். குளிர்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ, 0 டிகிரியில் 1.29 கிலோ. அதே சாலையில், அதே ஆள், அதே வேகத்தில் போனாலும் பத்துச் சதவீதத்துக்கும் மேல் கூடுதலான எதிர்ப்பை உடைக்க வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் வேகம் குறைந்துவிட்டதே என்று வருந்துகிற புதியவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். கால்கள் தளர்ந்துவிடவில்லை, காற்று கனத்துவிட்டது.

முன்னால் இருப்பவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. காற்றால் கூடும் குளிரைக் கணக்கிட அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது 0 டிகிரி போலத் தெரியும். காற்றே இல்லாத காலையிலும் சைக்கிளில் போகிறவர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். ஆகவே கோடையில் பத்து நிமிடம் முன்னால் நிற்கிறவர்கூடக் குளிர்காலத்தில் நான்கைந்து நிமிடத்தில் விலகிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இருவர் இருவராகப் போகும் வரிசையில், முன்னால் இருக்கும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் விலகி, வேகத்தைத் தளர்த்தி, எனக்கு முன்னால் வந்து சேருவார்கள். இந்த முறையால் சவாரி முழுக்க ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது என் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். பதில் எப்படி வருகிறது என்று கேட்பதற்காகவே பேசுவேன். தோள்கள் காதுவரை ஏறியிருந்தால், கியரை விரலால் மாற்ற முடியாமல் உள்ளங்கையால் தள்ளினால், வழக்கமாகச் சளசளவென்று பேசுகிறவர் தலையை மட்டும் ஆட்டினால், அவர் மறுபடி முன்னால் போகக் கூடாது. வார்த்தை குழறினால் எல்லோருமே நிற்போம். உடல் வெப்பம் அபாயமாக இறங்குவதற்கு அது அடையாளம். அந்த நிலையில் இருப்பவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார், அந்தச் சொல்லை நம்பக் கூடாது.

எங்கள் குழுவில் செவிலியராக இருக்கும் ஓர் அக்கா உண்டு. இரவுப் பணி முடிந்து நேராகச் சவாரிக்கு வந்துவிடுவார், அதன் பிறகுதான் தூக்கம். அவரை யாரும் முன்னால் விடுவதில்லை. வரிசையின் நடுவில், நான்கு பக்கமும் ஆட்கள் இருக்கும் இடம் அவருக்கு. அங்கே காற்று மிகக் குறைவாகவே வரும். ஒருநாள் அவர் சொன்னார்: "இரவெல்லாம் நான் மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் தம்பி. இந்த ஒன்றரை மணி நேரம் என்னை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள்." கோடை முழுவதும் நாங்கள் பேசிய வேகக் கணக்குகளில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. இந்த வாக்கியம் நினைவில் இருக்கிறது.

மட்கார்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரச் சாலையில் மட்கார்டு இல்லாத பின்சக்கரம் அழுக்குத் தண்ணீரை வாரிப் பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, தன் முதுகு நனைவது மட்டும்தான் தெரியும். சைக்கிளோடு வரும் மட்கார்டு பெரும்பாலும் ஓட்டுகிறவரைக் காக்கும் அளவுக்குத்தான் நீளமாக இருக்கும். பின்னால் வருபவரைக் காக்க வேண்டுமானால், அதன் நுனியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை தொங்கும் மடல் ஒன்று வேண்டும். கடையில் தேட வேண்டியதில்லை. பழைய பிளாஸ்டிக் புட்டியை நீளவாக்கில் வெட்டி, இரண்டு துளை போட்டுக் கட்டினால் போதும். எங்கள் குழுவில் மடல் இல்லாதவர் வரிசையின் கடைசிக்கு, அதாவது என் அருகே வந்துவிட வேண்டும். சென்ற குளிர்காலத்தில் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் பந்தய சைக்கிளோடு வந்தான். மட்கார்டு போட்டால் சைக்கிளின் அழகு கெடும் என்பது அவன் வாதம். நான் அவனோடு வாதாடவில்லை. அடுத்த வாரம் வீட்டில் வெட்டிய மடல் ஒன்றைக் கொண்டுவந்து, அவனையே தன் கையால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மடல் வெட்டிக் கொடுப்பவன் அவன்தான், என்னுடையதை விட ஒழுங்காகவே வெட்டுகிறான்.

உடை விஷயத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும். நாம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி எல்லாம் வெப்பமாக மாறுகிறது. வாசலில் நிற்கும்போதே இதமாக இருக்கும்படி உடுத்திக்கொண்டால் கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டும். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. நின்றால்தான் ஆபத்து. நனைந்த துணி உடலின் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். கால்களுக்கு இரண்டு காலுறை போடுகிறவர்களும் உண்டு. காலணி இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் முன்னைவிட அதிகமாக விறைக்கும். ஒரே ஒரு கம்பளிக் காலுறையும் விரல்கள் அசைய இடமும் போதும். எங்கள் முன்வரிசைத் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், எல்லோருக்கும் அவர் 'சார்'தான். மேல்சட்டைக்குள் நெஞ்சின்மேல் அன்றைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார். மலைப் பந்தய வீரர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இது. தாள் காற்றையும் தடுக்கும், வியர்வையையும் வாங்கிக்கொள்ளும். சவாரி முடிந்ததும் நடுப்பக்கம் ஈரமாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் போவார்.

குளிர்காலத்தில் பஞ்சர் என்றால் அது மொத்தக் குழுவின் பஞ்சர். கோடையில் ஒருவர் டியூப் மாற்ற, மற்றவர்கள் நின்று கதை பேசலாம். குளிரில் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் எல்லோருக்கும் பல் கிட்டும். எனவே வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒருவர் சக்கரத்தைக் கழற்றுவார், ஒருவர் டயரின் உள்பக்கத்தில் கண்ணாடித் துண்டோ கம்பியோ சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், ஒருவர் புது டியூப்பில் வாயால் ஊதி அதற்கு உருவம் கொடுப்பார், ஒருவர் விளக்கைக் காட்டுவார். வேலை இல்லாதவர்கள் அதே சாலையில் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சார் மாற்று டியூப்பைச் சட்டைக்குள்ளேயே வைத்திருப்பார். குளிரில் ரப்பர் விறைத்து மடிய மறுக்கும், உடம்புச் சூட்டில் இருந்த டியூப் சொன்னபடி கேட்கும். காற்றடிக்கச் சிறிய வாயுக்குப்பி பயன்படுத்துகிறவர்கள் வெறும் கையால் பிடிக்கக் கூடாது. வாயு வெளியேறும்போது குப்பி கடுமையாகக் குளிர்ந்து தோலைச் சுட்டுவிடும்.

டயர் காற்றைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்குள் 20 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றடித்த டயர், வெளியே 0 டிகிரியில் 73, 74 என்று காட்டும். பஞ்சர் என்று பதற வேண்டாம். ஈரச் சாலையில் அந்தக் குறைவு பிடிமானத்துக்கு நல்லதுதான்.

இருட்டில் கைச்சைகை யாருக்கும் தெரியாது. தடித்த கையுறை போட்ட கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுப்பதும் நல்லதல்ல. எல்லாம் குரலில்தான். "குழி!" "மணல்!" "வளைவு!" என்று முன்னாலிருந்து கிளம்பும் சொல்லை ஒவ்வொருவரும் வாங்கிப் பின்னால் கொடுக்க வேண்டும். கடைசியாக என்னிடம் வந்ததும் நான் "சரி" என்பேன். பின்னாலிருந்து முன்னால் போகும் சொற்கள் என்னிடமிருந்து தொடங்கும்: "வண்டி வருகிறது!", "மெதுவாக!" நடுவில் ஒருவர் சொல்லை விழுங்கிவிட்டாலும் அவருக்குப் பின்னால் இருப்பவர் குழியில் இறங்குவார். கத்தத் தயங்குகிற, கூச்ச சுபாவமுள்ள எத்தனையோ பேர் எங்கள் குழுவுக்கு வந்து, ஒரு மாதத்தில் தெருவே கேட்கக் குரல் கொடுக்கப் பழகியிருக்கிறார்கள். அதைக் கேட்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சூரியன் எழுந்துவிட்டால் குளிர் விட்டுவிடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். தெளிந்த வானமுள்ள நாளில் மிகக் குளிர்ந்த நேரம் பெரும்பாலும் விடிந்த பிறகுதான் வருகிறது. இரவெல்லாம் வெப்பத்தை இழந்துகொண்டே இருந்த தரை, முதல் கதிர்கள் விழுந்த பிறகும் வாங்குவதைவிட அதிகமாக இழந்துகொண்டிருக்கும். வெளிச்சம் வந்தும் விரல் நுனி எரியும் அந்த அரைமணி நேரத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். சார் அப்போது வேகத்தைக் குறைத்துவிடுவார். யாரும் யாரையும் இழுக்காமல், பின்சக்கரப் பல்லின் கடகடவென்ற ஒலியோடு, மூச்சு வெண்புகையாக எழ எல்லோரும் பேசிக்கொண்டே போவோம். வெயில் வரிசையின் மேல் பக்கவாட்டில் விழும்போது பன்னிரண்டு பேரின் நிழலும் ஒன்றாக நீண்டு வயலைத் தொடும். கடைசி ஆளாக இருப்பதால் எனக்கு அது முழுதாகக் கிடைக்கிறது.

சைக்கிள் பந்தய ரசிகர்கள் 1980ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ் பந்தயத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். பனி கொட்டிய அந்த ஏப்ரல் நாளில் 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். பிரெஞ்சு வீரர் பெர்னார் ஹினோ ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முந்திக்கொண்டு வென்றார், அவருடைய இரண்டு விரல்கள் அந்த நாளுக்குப் பிறகு முழுமையாகத் தேறவே இல்லை. அந்த வீரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் மாணவன் அதைச் சொல்லி, குளிரைத் தாங்குவதுதான் ஆண்மை என்பது போலப் பேசியபோது, இறங்கிவிட்ட 153 பேரும் பந்தய வீரர்கள்தாம் என்று அவனுக்கு நினைவூட்டினேன். அவர்களுக்கும் மறுநாள் விரல்கள் தேவைப்பட்டன.

இந்தக் குளிர்காலத்தில் எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் சவாரியை ரத்து செய்வது என்பதுதான் அது. சிலர் 0 டிகிரி என்கிறார்கள், அப்போதுதான் தண்ணீர் உறையும் என்பது அவர்கள் நியாயம். வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில் அளக்கப்படுவது. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரை அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். அறிக்கையில் 3 என்று இருக்கும்போதே சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் படிந்திருக்கலாம். பாலங்களில் அது முதலில் படியும், மேலும் கீழும் காற்றுபட்டு அவை சீக்கிரம் குளிர்வதால். தனியாகப் போகிறவர் வழுக்கினால் ஒருவர் விழுவார். வரிசையில் முன்னால் இருப்பவர் வழுக்கினால் பின்னால் இருப்பவர்கள் அவர்மேல் விழுவார்கள். அதனால் நான் 3 டிகிரி என்கிறேன். அக்காவும் சாரும் என் பக்கம். மாணவன் இன்னும் 1 டிகிரியில் நிற்கிறான். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் முடிவு செய்து எல்லோருக்கும் தெரிவித்துவிட வேண்டும், விடியற்காலையில் எழுந்த பிறகு ஆசை முடிவெடுக்க விடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அறிக்கை 4 டிகிரி, மேகமூட்டம் என்கிறது. போகிறோம்.