எந்தக் கட்டளை ஓடுகிறது? எல்பிஐசி-1 தேர்வுக்கு நான் படித்த விதம்

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 கேள்விகள். பெரும்பாலானவை கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுப்பவை. சிலவற்றில் மட்டும் கட்டளையின் பெயரை எழுத்துப் பிசகாமல் நாமே தட்ட வேண்டும். பாடத்திட்டத்தில் 103.1 கட்டளை வரியில் வேலை செய்வதைப் பற்றியது. 104.7 கோப்புகளைக் கண்டுபிடிப்பது, 105.1 நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற நிரலின் சூழலை அமைத்துக்கொள்வது. தேர்வில் இவற்றுக்குள்ள முக்கியத்துவத்தைக் காட்டும் எடை முறையே 4, 2, 4. மூன்றிலும் மறுபடி மறுபடி தலைகாட்டுவது ஒரே கேள்விதான்: ஒரு சொல்லைத் தட்டி என்டரை அழுத்தினால், உண்மையில் ஓடுவது எது?

இதற்கான விடையை மூன்று அட்டவணைகளாக மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் உண்டு. அந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஷெல் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, படிக்கப் படிக்க அதை வளர்த்தேன். அதற்கு வைத்த பெயர் ‘எது’. பேஷ் ஷெல்லில் ஃபங்ஷனுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், மாறிகளுக்கு வைக்க முடியாது.

முதலில் வரிசையைக் கையால் சோதித்துப் பாருங்கள். பேஷ் ஒரு சொல்லை அலையஸ் (ஒரு கட்டளைக்கு நாம் வைக்கும் மாற்றுப்பெயர்), ஷெல்லின் சிறப்புச் சொல், ஃபங்ஷன், ஷெல்லிலேயே உள்ளிணைந்த கட்டளை, வட்டில் உள்ள கோப்பு என்ற முன்னுரிமையில் அடையாளம் காண்கிறது. எக்கோ என்ற பெயரில் ஓர் அலையஸும் ஒரு ஃபங்ஷனும் உருவாக்கிவிட்டு, ஒரு சொல் எந்த வகை என்று சொல்லும் டைப் கட்டளையை -ஏ விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாம் அதே வரிசையில் வந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு அடுக்காகத் தாண்டிப் பாருங்கள். பெயருக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டால் அலையஸ் மட்டும் விலகும். முன்னால் கமாண்ட் என்று சேர்த்தால் ஃபங்ஷனும் விலகி, உள்ளிணைந்த எக்கோ ஓடும். என்வ் என்று சேர்த்தால் வட்டில் உள்ள கோப்பே ஓடும். டைம் இன்னும் சுவாரசியமானது. அது பேஷுக்குச் சிறப்புச் சொல். பின்சாய்கோடு போட்டதும் அந்தத் தகுதி போய்விடும். தனி நிரலான டைம் நிறுவப்பட்டிருந்தால் அது ஓடும். இந்தச் சோதனைகளைச் செய்தவருக்கு அட்டவணையே தேவைப்படாது.

விடைத் தெரிவுகளில் விச், வேர்இஸ், டைப், லொகேட் என்ற தேடல் கட்டளைகள் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்று எதிர்பாருங்கள். இவற்றில் பலரும் அனிச்சையாக நம்புவது விச்சை. பேஷைப் பொறுத்தவரை அது ஒரு வெளி நிரல். நிரல்களைத் தேடும் இடங்களைப் பட்டியலிடும் பாத் மாறியில் உள்ள கோப்புறைகளைத் தேடுமே தவிர, ஷெல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. ரெட் ஹாட் குடும்ப லினக்ஸ்களில், கோப்புறை மாற்றும் சிடியைப் பற்றி விச் சிடி என்று கேட்டால் /யுஎஸ்ஆர்/பின்/சிடி என்று பதில் வரும். அப்படி ஒரு சிறிய ஸ்கிரிப்ட் அங்கே இருப்பது உண்மை. ஆனால் நீங்கள் சிடி என்று தட்டும்போது ஓடுவது அதுவல்ல, பேஷுக்குள் இருக்கும் சிடி. டெபியன் லினக்ஸில் அதே கேள்விக்குப் பதிலே வராது. டைப் ஷெல்லின் உள்ளிருந்தே பேசுவதால் இரண்டு இடங்களிலும் சரியாகச் சொல்கிறது.

இனி ஃபங்ஷன். குறிநிரலை முழுதாக இங்கே தரப்போவதில்லை, நீங்களே எழுதினால்தான் அது தேர்வுக்குப் பயன்படும். டைப் -டி ஒரே சொல்லில் பதில் தரும் என்பதால், அதைக் கேஸ் அமைப்பில் வைத்துக் கிளைகளாகப் பிரியுங்கள். அலையஸ் என்றால் அதன் விரிவைக் காட்டி, விரிவின் முதல் சொல்லை மறுபடி ‘எது’விடமே கொடுக்கலாம். எல்எஸ் என்ற அலையஸ் பல கணினிகளில் எல்எஸ் என்றே தொடங்கும். இதைக் கவனித்துத் தடுக்காவிட்டால் ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டு சுற்றும். ஃபங்ஷன் என்றால் டிக்ளேர் -எஃப் அதன் உடலைக் காட்டும். எக்ஸ்ட்டிபக் விருப்பத்தை இயக்கிவிட்டுப் பெரிய எழுத்து -எஃப் கொடுத்தால், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் எழுதப்பட்டது என்பதும் கிடைக்கும். விருப்பத்தை இயக்குவது, பெரிய எழுத்து -எஃப் இரண்டையும் பிறை அடைப்புக்குள் துணை ஷெல்லாக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த விருப்பம் உங்கள் ஷெல்லிலேயே தங்கிவிடும்.

கோப்பு என்ற கிளைதான் நீளமானது. பெரிய எழுத்து -பி கொடுத்தால் டைப் பாதையைச் சொல்லும். ஏற்கெனவே ஒருமுறை ஓட்டிய நிரல் என்றால், பேஷ் தன் ஹேஷ் அட்டவணையில் நினைவு வைத்திருக்கும் பாதையையே சொல்லும். புதிய பதிப்பை /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறையில் வைத்த பிறகும் பழையதே ஓடுகிறது என்று குழம்புபவர்களுக்கு விளக்கம் இதில் இருக்கிறது. ஹேஷ் -ஆர் கொடுத்தால் அந்த நினைவு அழியும். பாதை கிடைத்ததும் ரீட்லிங்க் -எஃப் மூலம் இணைப்புகளின் கடைசிவரை போங்கள். டெபியனில் ஆக் என்று தட்டினால், ஆல்டர்நேட்டிவ்ஸ் கோப்புறை வழியாக வழக்கமாக மாக் என்ற நிரலில் போய் முடியும். அந்த முடிவை ஃபைல் கட்டளையிடம் கொடுத்தால் இயந்திர நிரலா, ஸ்கிரிப்டா என்று தெரியும். எந்தத் தொகுப்பு அதைக் கொண்டுவந்தது என்பதை தொகுப்புகளைக் கையாளும் டிபிகேஜி, ஆர்பிஎம் இரண்டில் உங்கள் கணினியில் இருப்பதிடம் கேளுங்கள். டெபியன் 12இல் /யுஎஸ்ஆர்/பின்/எல்எஸ் யாருடையது என்று கேட்டால் டிபிகேஜி கைவிரிக்கும், ஏனென்றால் தொகுப்பில் /பின்/எல்எஸ் என்றுதான் பதிவாகியிருக்கிறது. /யுஎஸ்ஆர் என்ற முன்னொட்டை நீக்கிவிட்டு இன்னொரு முறை கேட்கும் வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகுப்பு மேலாண்மை பாடத்திட்டத்தின் 102ஆம் தலைப்பில் (102ஆம் தேர்வில் அல்ல) வருகிறது, அதற்கும் இதுவே பயிற்சி.

இதைத் தனி ஸ்கிரிப்டாக எழுதி வைத்தால் என்ன என்று தோன்றும். எழுதி ஓட்டிப் பாருங்கள், உங்கள் அலையஸ் ஒன்றுகூட அதன் கண்ணில் படாது. ஸ்கிரிப்ட் புதிய பேஷாகத் தொடங்குகிறது. இப்போதைய ஷெல்லின் அலையஸ்களும், ஏற்றுமதி செய்யாத ஃபங்ஷன்களும் அதற்குப் போய்ச் சேருவதில்லை. 105.1இல், ஸ்கிரிப்டை இப்போதைய ஷெல்லுக்குள்ளேயே ஓட்டும் சோர்ஸ் கட்டளைக்கும் ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை எப்படிக் கேட்டாலும், எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். ஆகவே ‘எது’வின் இடம், பேஷ் தொடங்கும்போது படிக்கும் உங்கள் பேஷ்ஆர்சி கோப்பு.

‘எது’வை எந்த ஷெல்லுக்கும் கொண்டுபோகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டெபியனில் எஸ்எச் என்பது டேஷ் ஷெல். அதன் டைப்புக்கு -டி, -ஏ எதுவும் தெரியாது, அவற்றையும் கட்டளைப் பெயர்களாக எடுத்துக்கொண்டு தேடும். அங்கே பொதுத்தரத்தில் இருக்கும் கமாண்ட் -வி தான் வழி. ஃபங்ஷனின் தமிழ்ப் பெயரையும் டேஷ் ஏற்காது.