திமாப்பூர் ரயில் பாதையும் என் பர்மா முனையும்

ஜூன் 7, சனி

பெங்களூர் அல்சூரில் மதியத்திலிருந்தே மழை. இரண்டாம் உலகப் போரை ஒரு நாட்டின் தலைமையில் இருந்து ஆடும் கணினி விளையாட்டான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் புது ஆட்டம் தொடங்கினேன். எடுத்த நாடு பிரிட்டிஷ் இந்தியா, தொடக்க நாள் 1936 ஜனவரி 1. ஜெர்மனியையோ சோவியத்தையோ எடுத்து ஆடுகிறவர்களே அதிகம். எனக்கு ஐரோப்பாவில் டாங்கி ஓட்டுவதைவிட அசாம் மலையில் ஒரு ரயில் பாதை போடுவதுதான் பிடிக்கிறது. இந்த ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆள்பலம் கொட்டிக் கிடக்கிறது. தொழிற்சாலைகளோ சொற்பம். டிவிஷன் (பெரிய படைப் பிரிவு) மேல் டிவிஷனாகத் திரட்டலாம், ஆனால் கையில் கொடுக்கத் துப்பாக்கி இருக்காது. அதனால் முதல் சில வருடங்கள் கட்டுமான வேலைக்கு உதவும் சிவில் தொழிற்சாலைகள் மட்டுமே கட்டப்போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

1938 முடிந்தது. தெற்கே முதல் ராணுவத் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. நிஜத்தில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொடங்கியது 1940 டிசம்பரில்தான். வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் சமஸ்தானமும் சேர்ந்து தொடங்கியது அது. பின்னால் அமெரிக்க ராணுவம் தன் விமானங்களை இங்கே கொண்டுவந்து பழுது பார்த்தது. பழைய ஏர்போர்ட் ரோடு வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஜூன் 11, புதன்

ஆபீஸ் முடிந்து வர நேரமாகிவிட்டது. போர் அறிவிப்பு, சில பிரிவுகளை எகிப்துக்கு அனுப்பியது, அவ்வளவுதான். சேவ் செய்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.

ஜூன் 14, சனி

என் ஆட்டத்தில் ஜப்பான் 1941 கடைசியில் மலேயாவில் இறங்கியது. சிங்கப்பூர் போனது, அப்புறம் ரங்கூன். வரலாற்றில் சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15, ரங்கூன் மார்ச் 8. பர்மாவுக்குள் போய்த் தடுக்க நான் படையே அனுப்பவில்லை. சப்ளை வரைபடத்தைத் திறந்தால் காரணம் தெரியும்: இந்திய எல்லையிலிருந்து பர்மாவுக்குள் ரயில் கிடையாது, மலையும் காடும்தான். அங்கே போகிற டிவிஷன் சண்டை போடாமலே கரைந்துவிடும். ஆகவே இந்தியப் பக்கம் மலையடிவார ரயில் நிலையமான திமாப்பூர் வரையிலான பாதையைத் தரம் உயர்த்திவிட்டு, மணிப்பூரின் இம்பால் பக்கம் அகழி வெட்டிக் காத்திருக்கிறேன்.

மாடி வீட்டு சுபேதார் மாமா மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், பயிற்சியெல்லாம் இதே அல்சூர் சென்டரில்தான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"தம்பி, இதுல ரோடு யாரு போடுறா?"

"தொழிற்சாலையை அந்த வேலைக்கு ஒதுக்கிட்டாப் போதும் மாமா, அதுவா ஏறிடும்."

"அதுவா எங்கே ஏறும்? பாறையை உடைக்கணும், பாலம் கட்டணும், கண்ணி வெடி எடுக்கணும். அதுக்கு ஆளு வேணாமா?"

டிவிஷனோடு பொறியாளர் கம்பெனியைச் சேர்க்கலாம் என்று காட்டினேன். அதைச் சேர்த்தால் அகழி பலம் கூடும். மாமா தலையாட்டிவிட்டு, காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்ரமணியனைப் பற்றிச் சொன்னார். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடம். கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தபோது, வெடிக்கப் போன கண்ணியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றியிருக்கிறார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். என் திரையில் அந்தக் கம்பெனி ஒரு சின்னப் படம், பக்கத்தில் ஒரு எண். இனி அந்தப் படத்தைச் சும்மா கடந்துபோக முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

நினைத்தபடியே நடந்தது. ஜப்பான் மலையேறி வந்து இம்பாலைச் சுற்றிக்கொண்டது. நான் போக்குவரத்து விமானங்களை ஏவி உள்ளே சப்ளை இறக்கினேன். வாரங்கள் போகப் போக அவர்கள் பக்கம் சப்ளை வரைபடம் சிவந்துகொண்டே வந்தது, அதாவது சப்ளை தீர்ந்துகொண்டே வந்தது.

1944-இலும் இதுதான் நடந்தது. ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி ஏறக்குறைய மூன்று வார உணவோடு படையை மலையேற்றினார். கூடவே மாடுகளை ஓட்டிவந்தார்கள். இம்பால் கிடங்குகளைப் பிடித்து அதில் சாப்பிடலாம் என்பது திட்டம். கிடங்குகள் கிடைக்கவில்லை. இம்பாலுக்கு வடக்கே கொஹிமாவில் நின்ற அவருடைய டிவிஷன் தளபதி சாட்டோ, மேலிட உத்தரவு இல்லாமலே தன் டிவிஷனைத் திருப்பிக்கொண்டு போனார். ஜூன் 22-இல் கொஹிமா–இம்பால் சாலை மறுபடி திறந்தது. ஜப்பானியப் படையில் பட்டினியும் நோயும் கொன்றவர்களே அதிகம்.

மலையின் இரண்டு பக்கமும் நம் ஆட்கள் இருந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மதராஸ் சாப்பர்கள். திமாப்பூர் சாலைக்குக் கல் உடைத்தவர்கள் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்கு ஆட்டத்தில் சின்னப் படம்கூடக் கிடையாது.

ஜூன் 18, புதன்

இன்று ஆடவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் வளப் பட்டியலில் எண்ணெய், எஃகு, அலுமினியம், ரப்பர், டங்ஸ்டன், குரோமியம் எல்லாம் உண்டு. அரிசி இல்லை. பர்மா விழுந்தபோது அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. ஜப்பான் கைக்குப் போகக்கூடாது என்று வங்காளக் கடலோரத்தில் படகுகளையும் நெல்லையும் அரசே அப்புறப்படுத்தியது. 1942 அக்டோபரில் மிதுனாபூரில் புயல். விலை ஏறியது, 1943-இல் பஞ்சம், சுமார் 30 லட்சம் உயிர்கள். என் சப்ளை வரைபடத்தில் ஒரு சிப்பாய்க்குப் போகும் பாதை பச்சையாகத் தெரிந்தால் நான் நிம்மதியாகிவிடுகிறேன். அதே பாதையில் ஒரு கிராமத்துக்கு அரிசி போனதா என்று ஆட்டம் என்னைக் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும். இரும்புக்குக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு நெல்லுக்கும் கணக்கு வைக்கத் தெரியும். அப்படி ஒரு மாட் (ஆட்டத்தை மாற்றும் ரசிகர் தயாரிப்பு) யாராவது செய்தால் அன்றே இறக்கிக்கொள்வேன்.

ஜூன் 21, சனி

எதிர்த் தாக்குதல். இம்பாலிலிருந்து தெற்கே மெதுவாக இறங்குகிறேன். ஒவ்வொரு தடவையும் சப்ளை மையம் கட்டி முடியும்வரை முன்வரிசை நிற்கும். பர்மாவின் ஐராவதி ஆற்றுக்கு வந்தாயிற்று. ரங்கூன் துறைமுகம் கைக்கு வந்தால் கப்பலிலேயே சப்ளை இறக்கலாம், இந்த மலைப் பாதையை நம்ப வேண்டியதில்லை. நிஜப் போரிலும் 1945 மே தொடக்கத்தில் மழைக்கு முன்னால் அதைப் பிடிக்கத்தான் ஓடினார்கள். நாளைக்குக் கடல் வழியாக இரண்டு டிவிஷன் இறக்கப் போகிறேன். சுபேதார் மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.